டேட்டாபேஸ் கேள்விகளை மனப்பாடம் செய்தும் இன்டர்வியூவில் தடுமாறுகிறேன், என்ன செய்வது?

திருப்பூரிலிருந்து 26 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பி.எஸ்சி. கணிதம் படித்தவர். மூன்று வருடமாக ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் வேலை. சாயப்பட்டறைக்குத் துணி அனுப்பும் டெலிவரி சலான், திரும்பி வரும் துணியின் எடை, டெய்லர்களின் பீஸ் ரேட் கணக்கு எல்லாவற்றையும் எக்செல்லில் பார்த்துக்கொள்கிறார். டேட்டாபேஸ் சப்போர்ட் வேலைக்கு மாற வேண்டும் என்று ஒரு பயிற்சி நிலையத்தின் மாலை வகுப்பில் சேர்ந்து, அங்கே கொடுத்த இருநூறு கேள்வி பதில்களை மனப்பாடம் செய்திருக்கிறார்.

இரண்டு இன்டர்வியூ போய் இரண்டிலும் தேர்வாகவில்லை. முதலாவதில் ‘டெலீட்’டுக்கும் ‘டிரங்கேட்’டுக்கும் வித்தியாசம் கேட்டார்கள். டிரங்கேட் செய்தால் ரோல்பேக் செய்ய, அதாவது செய்ததைத் திரும்பப் பெற, முடியாது என்று சொன்னார். “எந்த டேட்டாபேஸில்?” என்று திருப்பிக் கேட்டதும் பதில் இல்லை. இரண்டாவதில், இரண்டாவது அதிகச் சம்பளத்தை எடுக்கச் சொன்னார்கள். எழுதிக் காட்டினார். “முதல் இடத்தில் இரண்டு பேர் ஒரே சம்பளம் வாங்கினால்?” என்றதும் நின்றுவிட்டார். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காததால்தான் ஒதுக்குகிறார்கள் என்று நினைக்கிறார்.

அடுத்த இன்டர்வியூவுக்கு மூன்று வாரம் இருக்கிறது. எதைப் படிப்பது, மோங்கோடிபி என்ற வேறு வகை டேட்டாபேஸையும் கற்க வேண்டுமா, பயிற்சி நிலையம் சொல்வதுபோல ரெஸ்யூமில் இரண்டு வருட ஐ.டி. அனுபவம் இருப்பதாகப் போட்டுக்கொள்ளலாமா, கம்பெனியின் எக்செல் ஃபைலையே புராஜெக்டாகக் காட்டலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் தடுமாறிய இரண்டு இடங்களையும் கவனித்துப் பாருங்கள். முதல் கேள்விக்கு ஏதோ ஒரு பதில் உங்களிடம் இருந்தது. அதையொட்டி வந்த இரண்டாவது கேள்வியில்தான் நின்றீர்கள். நான் பல வருடமாக டேட்டாபேஸ் வேலைக்கு ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் கேள்வியை நாங்கள் கேட்பதே அந்த இரண்டாவது கேள்விக்குப் போவதற்காகத்தான். முதல் பதிலை எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். அதை வைத்து யாரையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஆகவே உங்கள் பட்டம் இங்கே தடையாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கணக்கு படித்தவருக்கு செட், லாஜிக் இரண்டும் கைவசம். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் நிற்பதே அவற்றின் மேல்தான்.

அந்த இரண்டு கேள்விகள்

முதலில் டிரங்கேட். டெலீட் வரி வரியாக நீக்கும், ‘வேர்’ (WHERE) என்று நிபந்தனை போட்டு வேண்டியதை மட்டும் நீக்கலாம். டிரங்கேட் டேபிளை மொத்தமாகக் காலி செய்யும், அமைப்பு மட்டும் மிஞ்சும். இதுவரை எல்லா டேட்டாபேஸிலும் ஒன்றுதான். ஆனால் ரோல்பேக் விஷயம் டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் மாறும். ஆரக்கிளிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் டிரங்கேட் தானாகவே கமிட் ஆகிவிடும், அதாவது நிரந்தரமாகிவிடும், திரும்ப வராது. போஸ்ட்கிரெஸிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும், பல வேலைகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் டிரங்கேட் செய்துவிட்டு ரோல்பேக் கொடுத்தால் எல்லா வரியும் திரும்ப வந்துவிடும். உங்கள் கேள்வி பதில் தாள் ஆரக்கிளை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கலாம். அதில் அது சொல்லப்படாததால் உங்களுக்கு அது பொது விதியாகப் பதிந்துவிட்டது.

அடுத்து சம்பளம். நீங்கள் எழுதியது, இறங்கு வரிசையில் அடுக்கி முதல் வரியைத் தாண்டி அடுத்ததை எடுப்பது. 40,000, 40,000, 35,000 என்று மூன்று பேர் இருந்தால் அது மறுபடியும் 40,000 என்றுதான் கொடுக்கும். கேட்டது இரண்டாவது சம்பளம், கிடைத்தது இரண்டாவது ஆள். அதிகபட்சச் சம்பளத்தைவிடக் குறைவாக இருப்பவற்றில் அதிகபட்சம் எது என்று சப்கொயரி (ஒரு கொயரிக்குள் இன்னொரு கொயரி) எழுதினால் 35,000 வரும். அப்புறம் இன்டர்வியூ எடுப்பவர், வரிகளுக்கு வரிசை எண் கொடுப்பது போன்ற வேலைகளைச் செய்யும் விண்டோ ஃபங்ஷனுக்குப் போவார். இதே மூன்று பேருக்கு ‘ரோ நம்பர்’ 1, 2, 3 என்று கொடுக்கும். ‘ரேங்க்’ 1, 1, 3 என்று கொடுக்கும். ‘டென்ஸ் ரேங்க்’ 1, 1, 2 என்று கொடுக்கும். ‘ரேங்க்’ போட்டு 2 எங்கே என்று தேடினால் ஒரு வரிகூட வராது. இந்த மூன்று எண்களையும் தாளில் எழுதிக் காட்டினாலே போதும், விளக்கவுரை தேவைப்படாது.

உங்கள் எக்செல் ஃபைலைத் திறந்து பாருங்கள்

மூன்று வாரத்தில் என்ன படிப்பது என்று கேட்டீர்கள். புதிதாக ஒரு கேள்வி பதில் புத்தகம் வாங்காதீர்கள். மூன்று வருடமாக நீங்கள் பார்க்கும் சலான் ஃபைலிலேயே ஒரு டேட்டாபேஸ் இன்டர்வியூவுக்கு வேண்டிய பெரும்பகுதி இருக்கிறது.

பெரும்பாலான அலுவலகங்களில் இருப்பதுபோல உங்கள் ஃபைலிலும் ஒவ்வொரு சலான் வரியிலும் சாயப்பட்டறையின் பெயர், ஊர், போன், ஜி.எஸ்.டி. எண் எல்லாம் இருக்கும் என்று நினைக்கிறேன். பட்டறையின் போன் எண் மாறினால் பழைய வரிகளில் சிலவற்றில் மாற்றுவோம், சிலவற்றை விட்டுவிடுவோம். எது சரியான எண் என்று பிறகு யாருக்கும் தெரியாது. புதிய பட்டறை ஒன்றோடு பேசி முடித்தாயிற்று, ஆனால் முதல் சலான் போடும்வரை அதன் விவரத்தை எழுத இடமில்லை. ஒரு பட்டறைக்கு இருந்த ஒரே சலானை ரத்து செய்து வரியை நீக்கினால் பட்டறையின் விவரமும் போய்விடும். பாடப்புத்தகம் இவற்றை அப்டேட், இன்சர்ட், டெலீட் அனாமலி என்று சொல்கிறது. இந்தத் தொல்லைகளைத் தீர்க்க டேபிள்களைப் பிரிப்பதுதான் நார்மலைசேஷன். ‘தேர்ட் நார்மல் ஃபார்ம் என்றால் என்ன’ என்று கேட்டால் இலக்கணத்தோடு நிறுத்தாதீர்கள். சலான் டேபிளில் பார்ட்டி (இங்கே சாயப்பட்டறை) எண்ணோடு பார்ட்டியின் ஊரையும் வைத்தால், ஊர் சலானைச் சார்ந்தது இல்லை, பார்ட்டியைச் சார்ந்தது, அதனால் அது பார்ட்டி டேபிளுக்குப் போக வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு சலானில் பல துணிகள் இருந்து, சலான் எண்ணும் துணி கோடும் சேர்ந்து கீயாக (ஒரு வரியை அடையாளம் காட்டுவதாக) இருக்கும் டேபிளில் சலான் தேதியை வைத்தால், தேதி கீயின் பாதியை மட்டுமே சார்ந்திருக்கிறது. அது செகண்ட் நார்மல் ஃபார்மை மீறுவது.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். சாயம் போடக் கிலோவுக்கு என்ன ரேட் என்பது ஒரு ரேட் டேபிளில் இருக்கிறது என்று வையுங்கள். அதே ரேட்டைச் சலான் வரியிலும் எழுதி வைப்பது தேவையில்லாத இரட்டிப்பா? பலர் ஆமாம் என்று சொல்லி அதை நீக்கிவிடுகிறார்கள். அடுத்த மாதம் ரேட் உயரும்போது போன மாத பில்லெல்லாம் மாறிப்போகும். ரேட் டேபிளில் இருப்பது இன்றைய ரேட். சலானில் இருப்பது அன்றைக்குப் பேசிக்கொண்ட ரேட். எண் ஒன்றாக இருந்தாலும் தகவல் வேறு. பில் போட்டு, பார்ட்டியோடு ரேட் தகராறைப் பார்த்தவருக்கு இது சொல்லாமலே தெரியும். இதை நீங்களாக எடுத்துச் சொன்னால் எதிரே இருப்பவர் நிச்சயம் கவனிப்பார்.

கீ பற்றிய கேள்வியும் இப்படித்தான். பிரைமரி கீ ‘நல்’ (மதிப்பு இல்லாதது) ஆகக் கூடாது, ஒரு டேபிளுக்கு ஒன்றுதான் என்பது தாளில் இருக்கும். யுனிக் கீயில் ‘நல்’ எத்தனை வரலாம் என்று கேட்டால், எஸ்க்யூஎல் சர்வரில் ஒன்று, போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் ஒன்றுக்கு மேல் வரலாம். அதைவிட நல்ல கேள்வி, ஜி.எஸ்.டி. எண்ணையே பார்ட்டியின் பிரைமரி கீயாக வைத்தால் என்ன? சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் பதிவு செய்யாதவை உண்டு, அவற்றுக்கு எண்ணே இருக்காது. ஒரே நிறுவனம் இரண்டு மாநிலங்களில் இருந்தால் அதற்கு இரண்டு எண்கள் இருக்கும். அதனால் தனியாக ஒரு பார்ட்டி எண் கொடுத்துவிட்டு, ஜி.எஸ்.டி. எண்ணை யுனிக் என்று வைத்துக்கொள்வது மேல்.

ஜாயினில் விழும் இடங்கள்

இரண்டு டேபிள்களை இணைப்பது ஜாயின். இன்னர் ஜாயின் இரண்டு பக்கமும் பொருந்துவதை மட்டும் கொடுக்கும், லெஃப்ட் ஜாயின் இடதுபக்கம் முழுவதையும் கொடுக்கும். இது உங்களுக்குத் தெரியும். தவறு நடக்கும் இடங்கள் வேறு.

இந்த மாதம் சலான் போடாத பட்டறைகளும் பட்டியலில் வர வேண்டும் என்று லெஃப்ட் ஜாயின் எழுதுகிறீர்கள். பிறகு சலான் தேதி இந்த மாதமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ‘வேர்’ பகுதியில் போடுகிறீர்கள். சலான் இல்லாத பட்டறைக்குத் தேதி ‘நல்’ ஆக இருக்கும், நிபந்தனை அதை வெளியே தள்ளிவிடும். லெஃப்ட் ஜாயின் என்று எழுதியும் இன்னர் ஜாயினின் பலன்தான் கிடைக்கும். அந்த நிபந்தனை ஜாயினின் ‘ஆன்’ (ON) பகுதிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் பிழை எதுவும் காட்டாமல் தவறான கூட்டுத்தொகையைக் கொடுக்கும். 500 கிலோ துணி ஒரு சலானில் போகிறது. முதலில் 300 கிலோ, பிறகு 180 கிலோ என்று இரண்டு தடவையாகத் திரும்பி வருகிறது. சலான் டேபிளையும் வரவு டேபிளையும் ஜாயின் செய்தால் அந்தச் சலான் இரண்டு வரியாக வரும். அனுப்பிய எடையைக் கூட்டினால் 1,000 கிலோ. முதலாளி பட்டறைக்காரரைக் கூப்பிட்டு மீதித் துணி எங்கே என்று கேட்பார். முதலில் வரவுகளைச் சலான் வாரியாகக் கூட்டி ஒரு வரியாக்கிவிட்டு, பிறகு ஜாயின் செய்ய வேண்டும். இதை நீங்களே டைப் செய்து, 1,000 வருவதைக் கண்ணால் பாருங்கள்.

‘நல்’ பற்றியும் ஒரு வார்த்தை. இன்னும் எடை போடாத துணியின் எடை பூஜ்ஜியம் இல்லை, அது இன்னும் தெரியாது. அதனால்தான் சராசரி எடுக்கும்போது அந்த வரி கணக்கில் சேராது. ‘நல்’லுக்குச் சமம் என்று தேடினால் எதுவும் கிடைக்காது, ‘ஈஸ் நல்’ என்றுதான் கேட்க வேண்டும். ‘நாட் இன்’ போட்டு ஒரு சப்கொயரி எழுதி, அந்தப் பட்டியலில் ஒரே ஒரு ‘நல்’ இருந்தாலும் விடை முழுக்கக் காலியாக வரும். அங்கே ‘நாட் எக்சிஸ்ட்ஸ்’ பாதுகாப்பானது.

‘வேர்’, ‘ஹேவிங்’ வித்தியாசத்துக்கு ஒரு வரி போதும்: குழுவாக்கும் முன் வரிகளை வடிகட்டுவது ‘வேர்’, குழுவாக்கிய பிறகு கூட்டுத்தொகையைப் பார்த்து வடிகட்டுவது ‘ஹேவிங்’. வரிசைப்படுத்தும் ‘ஆர்டர் பை’ கொடுக்காமல் கடைசி வரியை எடு என்று சொன்னால் தயங்காமல் மறுத்துப் பேசுங்கள். 1970இல் ஐபிஎம்மின் எட்கர் காட் ரிலேஷனல் முறையை முன்வைத்த காலத்திலிருந்தே டேபிள் என்பது வரிசை இல்லாத தொகுப்புதான். எக்செல்லில் பழகிய கண்ணுக்கு இது பிடிபடக் கொஞ்ச நாளாகும்.

டிரான்சாக்‌ஷன், இண்டெக்ஸ்

ஆசிட் என்பது டிரான்சாக்‌ஷனுக்கு வேண்டிய நான்கு குணங்களின் முதலெழுத்துகள். அவற்றைச் சொல்வதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். உங்கள் குடோனை வைத்துச் சொல்லுங்கள். குடோன் இருப்பிலிருந்து 200 கிலோ கழித்தாயிற்று, சலான் பதிவதற்குள் கரண்ட் போய்விட்டது. துணி கணக்கிலேயே இல்லை. இரண்டும் நடக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே நடக்கக் கூடாது என்பது அடாமிசிட்டி. இருப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது போன்ற விதிகள் உடையாமல் இருப்பது கன்சிஸ்டென்சி. கமிட் ஆனபின் கரண்ட் போனாலும் பதிவு இருக்க வேண்டும் என்பது டியூரபிலிட்டி, டேட்டாபேஸ் மாற்றத்தை முதலில் லாக் ஃபைலில் எழுதுவது இதற்காகத்தான்.

ஒருவர் வேலை இன்னொருவர் வேலையைக் குழப்பாமல் இருப்பது ஐசோலேஷன். இதில்தான் பேச்சு நீளும். இருப்பு 500 கிலோ. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அதைப் பார்த்து, ஆளுக்கு 300 கிலோவுக்குச் சலான் போடுகிறார்கள். இரண்டு பேரும் 500இல் 300 போக 200 என்று எழுதிவிடுகிறார்கள். போனது 600, கணக்கில் குறைந்தது 300. டிரான்சாக்‌ஷன் போட்டாலே இது தானாகத் தீர்ந்துவிடும் என்று நினைப்பது பரவலான தவறு. போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் மூன்றும் இயல்பாக இருப்பது ‘ரீட் கமிட்டட்’ நிலையில். அந்த நிலையில் இப்படி நடக்கலாம். போஸ்ட்கிரெஸிலும் ஆரக்கிளிலும் படிக்கும்போதே ‘ஃபார் அப்டேட்’ போட்டு அந்த வரியைப் பூட்டிவைக்கலாம். அல்லது இருப்பு 300க்குக் குறையாமல் இருந்தால் மட்டும் 300 கழி என்று ஒரே அப்டேட்டாக எழுதலாம். பின்னால் வந்தவருக்கு எந்த வரியும் மாறாது, இருப்பு போதவில்லை என்று அவருக்குத் தெரிவித்துவிடலாம்.

புத்தகத்தின் பின்னால் இருக்கும் பொருளகராதி போல இண்டெக்ஸ் தேடலை வேகமாக்கும் என்று சொன்னவுடன், அப்படியானால் எல்லா ஃபீல்டிலும் போட்டுவிடலாமே என்று கேட்பார்கள். ஒவ்வொரு இன்சர்ட்டிலும் இண்டெக்ஸையும் திருத்த வேண்டும், எழுதுவது மெதுவாகும், இடமும் பிடிக்கும். இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாத இடங்களும் உண்டு. தேதி ஃபீல்டில் இண்டெக்ஸ் வைத்துவிட்டு, தேதியிலிருந்து வருடத்தைப் பிரித்தெடுத்து 2024 என்று ஒப்பிட்டால் பொதுவாக அது உதவாது. 2024 ஜனவரி 1 முதல் 2025 ஜனவரி 1க்கு முன் என்று எல்லை கொடுத்தால் உதவும். பெயரின் நடுவில் வரும் எழுத்துகளை ‘லைக்’ போட்டுத் தேடினாலும் இதே நிலைதான். கொயரிக்கு முன்னால் ‘எக்ஸ்பிளெயின்’ போட்டு டேட்டாபேஸ் எந்த வழியில் போகிறது என்று பார்க்கப் பழகுங்கள். சப்போர்ட் வேலையில் தினமும் கைக்கு வருவது அதுதான்.

மற்ற கேள்விகள்

மோங்கோடிபியை இந்த மூன்று வாரத்தில் தொடாதீர்கள். அது வந்து எஸ்க்யூஎல்லை ஒழித்துவிட்டது என்று வகுப்பில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2009இல் வந்த மோங்கோடிபி, பல டாக்குமெண்டுகளைச் சேர்த்துச் செய்யும் டிரான்சாக்‌ஷனை 2018இல் தன் 4.0 பதிப்பில் சேர்த்துக்கொண்டது. அந்தத் தேவை அங்கேயும் வந்துசேர்ந்தது என்பதுதான் இதில் தெரிகிறது. ஒவ்வொரு பதிவின் அமைப்பும் வேறு வேறாக இருக்கும் இடத்தில் அது வசதியானது. சலான், பில், இருப்பு போன்ற வேலைக்கு ரிலேஷனல் டேட்டாபேஸ் பொருந்தும். இந்த அளவு தெரிந்திருந்தால் போதும்.

போலி அனுபவம் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசப்போவதில்லை. இன்று பல நிறுவனங்கள் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கின் யு.ஏ.என். எண்ணை வைத்து எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியிலிருந்து வேலை செய்தீர்கள் என்று சரிபார்க்கின்றன. உங்களுக்கு பி.எஃப். பிடித்தம் இருந்தால் பனியன் கம்பெனியின் பெயர் அங்கே தெரியும். வேலையில் சேர்ந்து ஆறு மாதம் கழித்துத் தெரிந்தாலும் வெளியே அனுப்புவார்கள். போலிக் கடிதம் தயாரிப்பதும் அதை உண்மையென்று காட்டிப் பயன்படுத்துவதும் குற்றம். மாட்டிக்கொள்வது நீங்கள், பயிற்சி நிலையம் இல்லை. இதைவிட எனக்கு வருத்தமாக இருப்பது, உண்மையான மூன்று வருடத்தை மறைத்துவிட்டு இல்லாத இரண்டு வருடத்தைக் காட்டச் சொல்கிறார்கள் என்பது. ‘மாதம் இத்தனை சலான்கள், இத்தனை பட்டறைகள், அனுப்பிய எடைக்கும் வந்த எடைக்கும் வித்தியாசம் கண்டுபிடித்தேன்’ என்று உங்கள் உண்மையான எண்களோடு ரெஸ்யூமில் எழுதுங்கள். ஃப்ரெஷர் வேலைக்கே விண்ணப்பியுங்கள். சம்பளம் முதலில் குறைவாக இருக்கலாம், வீட்டில் அதைச் சொல்லி ஒத்துக்கொள்ள வையுங்கள்.

கம்பெனி ஃபைலை எடுத்துப்போகவே போகாதீர்கள். அதில் பார்ட்டிகளின் ரேட் இருக்கிறது, டெய்லர்களின் போன் எண்ணும் பேங்க் கணக்கும் இருக்கும். அது உங்கள் முதலாளிக்கும் அந்தத் தொழிலாளிகளுக்கும் சொந்தமான தகவல். டேட்டாபேஸ் வேலைக்கு வருபவர் முன் வேலையின் தகவலைப் பென்டிரைவில் கொண்டுவந்து காட்டினால், நாளைக்கு எங்கள் தகவலுக்கும் இதே கதிதானே என்றுதான் எங்களுக்குத் தோன்றும்.

அதற்குப் பதில் செய்ய வேண்டியது இது. போஸ்ட்கிரெஸையோ மைஎஸ்க்யூஎல்லையோ இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். பார்ட்டி, சலான், சலான் வரி, வரவு என்று நான்கு டேபிள்கள் உருவாக்கி, கற்பனைப் பெயர்களும் எண்களும் போட்டு நிரப்புங்கள். முதல் வாரம் டேபிள் அமைப்பும் கீயும். இரண்டாவது வாரம் முழுக்க ஜாயின், குரூப் பை, சப்கொயரி, விண்டோ ஃபங்ஷன். மேலே சொன்ன தவறு ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே செய்து பாருங்கள். மூன்றாவது வாரம் இரண்டு ஜன்னலில் ஒரே டேட்டாபேஸைத் திறந்து, ஒன்றில் கமிட் செய்யாமல் வைத்துவிட்டு மற்றொன்றில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். கடைசி நாட்களில் வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்து வாய்விட்டு விளக்குங்கள். அவருக்குப் புரியவில்லை என்றால் அந்த இடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும்.

தெரியாத கேள்வி வரத்தான் செய்யும். “நான் மைஎஸ்க்யூஎல்லில்தான் பழகியிருக்கிறேன், அங்கே இப்படி நடக்கும். ஆரக்கிளில் பார்த்ததில்லை, ஒரு சின்ன டேபிளில் சோதித்துப் பார்த்துச் சொல்வேன்” என்று சொல்லலாம். அதற்காக நாங்கள் யாரையும் ஒதுக்குவதில்லை. எதிரே இருப்பவர் கணினி கொடுத்துச் சோதிக்கச் சொன்னால் அங்கேயே டேபிளை உருவாக்கிக் காட்டுங்கள்.